ஜெபமாலையின் பாதி மூச்சு

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் போய் "ஜெபமாலை வீடு எது?" என்று கேட்டால் பதில் வராது. எதிர்க்கேள்விதான் வரும்.

"எந்த ஜெபமாலை? கருவாட்டு ஜெபமாலையா, கோயில் கூட்டுற ஜெபமாலையா, ஆறு மரியே ஜெபமாலையா?"

நம் கதை மூன்றாமவளைப் பற்றியது.

கடலுக்கடியில் பாறையில் வளரும் பாசியைப் பறித்து, காயவைத்து விற்கிற பெண்கள் அந்தக் குடியிருப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். குழாய், சிலிண்டர் எதுவும் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. கல் கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை. இடுப்பில் கயிறு கட்டிய சாக்கு, அது முங்கிப் போகாமல் மிதக்க ஒரு தெர்மாகோல் துண்டு. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு தலைகீழாக இறங்க வேண்டியதுதான். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று பார்க்கக் கடிகாரமா கட்ட முடியும்? "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும் ஜெபத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே பறிப்பார்கள். இரண்டு முறை சொல்லி முடித்தால் இரண்டு மரியே. மூன்று மரியே போகிறவள் கெட்டிக்காரி. நாலு போனால் ஊரே பேசும்.

ஜெபமாலை ஆறு போவாள்.

அதே படகில் வரும் நாகலெட்சுமி மட்டும் வேறு கணக்கு. அவள் முருகன் பக்தை. "எங்க சாமிக்குச் சின்னப் பேரு. அதனால நான் அம்பது முருகா சொல்லணும். உங்களுக்கு மூணே மூணு. இதுல என்னடி நியாயம்?" என்று படகில் தினமும் வழக்கு வைப்பாள். இருவரும் ஒரே நாளில் பாசிக்கு வந்தவர்கள். அப்போது ஜெபமாலைக்குப் பன்னிரண்டு வயது. இப்போது நாற்பத்தாறு.

கரையில் ஜெபமாலை யார்? கையெழுத்துப் போடத் தெரியாதவள். வங்கிக்குப் போனால் பெருவிரலை நீட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவள். ஆனால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அவள் ராணி! மற்றவர்கள் மூச்சு முட்டி மேலே வந்து இருமிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் கீழே, பச்சை வெளிச்சத்தில், பாறையைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். அந்த அரை நிமிட நேரம் கடல் முழுவதும் அவள் ஒருத்திக்குச் சொந்தம். அதுதான் அவளுடைய பெருமை, அவளுடைய படிப்பு, அவளுடைய பட்டம்.

அந்தப் பட்டத்தைத்தான் கார்த்திகை மாசத்து அடைமழை பறித்துக்கொண்டு போனது.

காய்ச்சல் என்று படுத்தாள். நிமோனியா என்றார்கள். இராமநாதபுரத்தில் பதினேழு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது என்று புருஷன் வேதநாயகம் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "நுரையீரல் நல்லா அடி வாங்கியிருக்கும்மா. மூணு மாசம் ஓய்வு. அதுக்கப்புறம் சின்னச் சின்ன வேலை பாருங்க. ஆனா மூச்சை ரொம்ப நேரம் அடக்கவே கூடாது."

ஐயோ! மீனைப் பார்த்து நீந்தாதே என்று சொன்னது போலல்லவா இருந்தது!

மூன்று மாசம் ஓடியது. ஒரு நாள் காலை வேதநாயகம் வலை பின்னிக்கொண்டிருந்தபோது, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மின் முன்னால் ஜெபமாலை முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இங்கன வாங்க. நான் மொகத்த உள்ள முக்குறேன். நீங்க மரியே சொல்லி எண்ணுங்க."

"ஏ புள்ள, டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"அவுக கடலுக்குள்ள சொன்னாக. இது டிரம்மு."

அவள் முகத்தை முக்கினாள். வேதநாயகம் பெண்டாட்டி மேல் பாசமுள்ளவன். அவள் மனம் நோகக் கூடாதென்று, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஜெபத்தைத் தடதடவென்று சொன்னான். அவள் இருமிக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"எத்தன?"

"மூணு. மூணரைன்னே வச்சுக்கயேன்."

"நானும் உள்ள சொல்லிக்கிட்டுத்தான இருந்தேன்? எனக்கு ஒண்ணுகூட முடியல. மாதா பேருல கள்ளக்கணக்கு எழுதுறீகளே, நீங்க நல்லாருப்பீகளா?"

அன்று அவள் சோறு உண்ணவில்லை. அழவுமில்லை. டிரம்மையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சாக்கையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவள் கரைக்கு வந்தபோது, படகுக்காரர் சதக் வாயைப் பிளந்தார்.

"என்னம்மா, ஒடம்பு தேறிருச்சா?"

"அல்லா புண்ணியத்துல கல்லு மாதிரி இருக்கேன் அண்ணே" என்று அவருடைய சாமி பேராலேயே அவர் வாயை அடைத்துவிட்டுப் படகில் ஏறிக்கொண்டாள். நாகலெட்சுமி மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்லு மாதிரியா? காத்தடிச்சாப் பறந்துருவ போல இருக்க. ஏண்டி ஜெபம், நெசமாவே முங்கப்போறியா?"

"நீ ஒன் முருகன எண்ணு. நான் என் மரியேய எண்ணுறேன்."

பாறைத்திட்டருகே சதக் நங்கூரம் போட்டதும் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். ஜெபமாலையும் குதித்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒரு ஆள் ஆழம், ஒன்றரை ஆள் ஆழம். பாறை கண்ணுக்குத் தெரிந்தது. முழுதாக ஒரு மரியேகூட ஆகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். கையெட்டும் தூரத்தில் பாசி ஆட, அவள் வெறுங்கையோடு மேலே வந்தாள். மறுபடி இறங்கினாள். மறுபடி வெறுங்கை. பத்து முறை, பதினைந்து முறை. பாறை அவளைத் தொடவிடவில்லை.

பக்கத்தில் எல்லோருடைய சாக்கும் புடைத்துக்கொண்டிருந்தது. இவளுடையது செத்த கணவாய் மாதிரித் தொங்கியது. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அலையில் அறுந்து மிதந்து வருகிற குப்பைப் பாசியை, எந்த வியாபாரியும் சீந்தாத அந்த அழுகலை, கைகொள்ளும் மட்டும் வாரிச் சாக்கின் அடியில் திணித்தாள். மேலே, அதில் ஒட்டிக்கிடந்த நாலு நல்ல கொத்துகளைப் பொறுக்கி அழகாகப் பரப்பினாள்.

முப்பத்துநாலு வருஷப் பாசித் தொழிலில் முதல் பொய்.

கரையில் அவரவர் சாக்கை அவரவர் கொட்டி, தனித்தனிக் குவியலாகக் காயவைப்பது வழக்கம். ஜெபமாலை எல்லோருக்கும் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டினாள். அழுகல் நாற்றம் குப்பென்று எழுந்தது. நிமிர்ந்தால், எதிரே நாகலெட்சுமி.

நாகலெட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் குப்பையைக் காலால் மணலோடு தள்ளி மூடினாள். தன் குவியலிலிருந்து இரண்டு கை நிறைய நல்ல பாசியை அள்ளிக்கொண்டு வந்து ஜெபமாலையின் இடத்தில் போட்டாள். யாரும் பார்ப்பதற்குள் உதறிப் பரப்பியும் விட்டாள்.

இப்படிப்பட்ட தோழிக்கு என்ன கைம்மாறு செய்ய வேண்டும்? காலில் விழவேண்டும். ஜெபமாலையோ கொதித்து எழுந்தாள்.

"எடுடி அத! நீ யாருடி எனக்குப் பிச்சை போட? ஆறு மரியே போனவடி நான்!"

"போன. இப்ப போகல. அதுக்கென்னவாம்?"

"ஒங்கிட்ட வாங்கித் திங்குற நெலம எனக்கு வரல!"

"குடுத்தா வாங்கிக்கத் தெரியாதவளுக்கு மூச்சிருந்து என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள் நாகலெட்சுமி. சொன்னவளுக்கே கண் கலங்கிவிட்டது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் ஜெபமாலை கோயிலில் உட்கார்ந்திருந்தாள். தவக்காலம், பீடத்தில் பூ கிடையாது. மாதா சுரூபத்தின் முன்னால் அவள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை எடுத்துக்கொள், மூச்சைக் கொடு. ஒரு கால் போனாலும் சரி. வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன். மாதா சிரித்த முகம் மாறாமல் நின்றாள்.

தேடி வந்த வேதநாயகம் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூணு மாசமா இதே பாட்டு. பவுலடியாரு ஒடம்புல ஒரு முள்ளு இருந்துச்சாம். எடுத்துரும்னு மூணு தடவ கேட்டாராம். ஆண்டவரு எடுக்கலையே. முள்ளு இருக்கட்டும், நான் இருக்கேன்ல, அது போதும்னுட்டாராம்."

"அவுக பாசிக்கா போனாக? ஒக்காந்து ஊரூருக்குக் கடுதாசி எழுதுனாக. எழுதுறதுக்கு மூச்ச அடக்கணுமா?"

வேதநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்குள் சிரிக்கக்கூடாதென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து அவளுக்கும் உதடு கோணியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நாளைக்கும் போவேன்."

"போ. நான் தடுத்தா நிக்கிற ஆளா நீ? ஆனா ஒண்ணு. முடியலன்னா முடியலன்னு சொல்லு. கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த வார்த்தைய ஒன் வாயால கேக்கணும்னு ஆசையாருக்கு."

திங்கட்கிழமை படகில் அவளும் நாகலெட்சுமியும் ஆளுக்கொரு மூலை. நடுவில் இருந்த பெண்களுக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போனது. "ரெண்டு பேரும் சேந்து பேசுனா காது வலிக்கும். பேசாட்டி நெஞ்சு வலிக்குது" என்று சதக் அலுத்துக்கொண்டார்.

காற்று சற்று எழும்பிய நாள். ஜெபமாலை வீம்புக்கென்றே மற்றவர்களை விட்டு விலகி, திட்டின் ஓரமாகப் போய் இறங்கினாள். இன்றைக்குப் பாறையைத் தொடாமல் திரும்புவதில்லை என்று சங்கல்பம். அருள் நிறைந்த மரியே... கையை நீட்டினாள். நெஞ்சில் ஆணி இறங்கியது. கவலைப்படாமல் இன்னும் கீழே போனாள். விரல்நுனி பாறையில் பட்டது. பட்ட அந்த நொடியில் கண் இருட்டியது.

எது மேல், எது கீழ்? தெரியவில்லை. கையும் காலும் யாருடையவோ போலாகிவிட்டன. மனசுக்குள் எண்ணிக்கை அறுந்து போயிற்று. அத்தனை வருஷமாகக் கடிகாரமாக ஓடிய ஜெபத்தில் முன்பாதி முழுவதும் மறந்துபோய், பின்பாதியில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சி நின்றது.

வேண்டிக்கொள்ளும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

அந்த இருட்டில் அவளுக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. லட்சம் முறை சொல்லியிருக்கிறாள் இந்த ஜெபத்தை. ஒரு முறைகூட இந்தச் சொல்லைக் கேட்பதற்காகச் சொன்னதில்லை. நேரம் பார்க்கத்தான் சொன்னாள். இப்போது கேட்டாள். பேரமில்லாமல், ஒருசந்தியில்லாமல், கடன்பட வெட்கமில்லாமல், குழந்தை அம்மாவைக் கேட்பது போலக் கேட்டாள். என்னால் முடியவில்லை தாயே.

தெர்மாகோல் கட்டிய கயிறு கையில் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். தலை வெளிச்சத்தில் முட்டியது.

"நாகு!" ஊரையே எழுப்பும் குரல் அல்ல, பூனைக்குட்டியின் குரல். "நாகு, முடியலடி! என்னயப் பிடிடீ!"

காற்றில் அந்தக் குரல் எப்படித்தான் கேட்டதோ! அம்பது முருகாவில் இருபதோடு நாகலெட்சுமி மேலே வந்திருந்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து மிதக்கவிட்டு நீந்தி வந்தாள். ஜெபமாலையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்டி. மூச்ச விடு. மெதுவா. மெதுவா. சனியன், கேக்குறதுக்கு ஒனக்கு முப்பத்துநாலு வருசம் ஆச்சு."

"திட்டாத. அப்பறம் திட்டு."

"அப்பறம் திட்டுறதுக்குத்தாண்டி காப்பாத்துறேன்."

படகு தூரத்தில் இருந்தது. திட்டின் விளிம்பு பக்கத்தில். நாகலெட்சுமி அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். அந்த விளிம்பில் தண்ணீர் மார்பளவுதான், ஆனால் அலை வந்து மோதுகிற இடம். ஆள் நின்றால் தூக்கி அடிக்கும். அதனால் பாசிக்காரிகள் யாரும் அங்கே ஒதுங்குவதில்லை. ஜெபமாலை இரண்டு கையாலும் பாறையைப் பற்றிக்கொள்ள, பின்னாலிருந்து நாகலெட்சுமி அவள் இடுப்புக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அலை வந்தது, போனது. வந்தது, போனது. மூச்சு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. அழுதார்கள், சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். சமாதானம் முடிந்தது.

அப்போது ஜெபமாலையின் உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று உரசியது. குனிந்து பார்த்தாள்.

மரிக்கொழுந்துப் பாசி! பாசிகளிலேயே உயர்ந்த சாதி. ஆழத்தில் தேடித் தேடிக் கொத்துக் கொத்தாகப் பறிப்பார்கள். இங்கே தலைமுடி போல அடர்ந்து கிடந்தது. யாரும் கை வைக்காமல், கன்னி கழியாமல்.

"நாகு, கயித்த விட்றாத."

"என்னடி செய்யப் போற? ஏய்!"

ஒரு அலை போனது. அடுத்த அலை வருவதற்குள் ஜெபமாலை முங்கினாள். வேண்டிக்கொள்ளும் என்று முடியும் அந்தப் பின்பாதியை மட்டும் சொன்னாள். முடியும்போது கை நிறையப் பாசியோடு எழுந்தாள். நாகலெட்சுமி கயிற்றை இழுக்க, அலை அவள் தலைக்கு மேலே பொங்கி வழிந்து போனது. நெஞ்சில் ஆணி இல்லை. மறுபடி ஒரு பாதி. மறுபடி ஒரு கை.

மூன்று மரியே போகிறவள் இந்த இடத்தில் முங்கினால் என்ன ஆவாள்? இரண்டாவது அலை பாறையில் அறைந்து பல்லை உதிர்த்துவிடும். இங்கே நீண்ட மூச்சு ஆபத்து. இரண்டு அலைக்கு நடுவே இருக்கும் நேரம் பாதி மரியேதான். அவளிடம் மிச்சமிருந்த மூச்சும் அவ்வளவேதான். ஆண்டவர் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தரவில்லை. மிச்சம் வைத்ததைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் இறக்கிவிட்டார். கூடவே கயிற்றைப் பிடிக்க ஒருத்தியையும் நிறுத்தினார்.

அரை மணி நேரத்தில் ஜெபமாலையின் சாக்கு நிறைந்தது. மற்றவர்கள், மிதந்துபோன நாகலெட்சுமியின் சாக்கையும் இழுத்துக்கொண்டு நீந்தி வந்து பார்த்து வாயில் கை வைத்தார்கள்.

"இத்தன வருசம் இதத் தாண்டித் தாண்டில்ல அங்கிட்டுப் போனோம்!" என்றாள் ஷெரின். படகிலேயே இளையவள், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவள். "அத்தை, நானும் ஒரு முங்கு போடுறேன்."

"போடு. ஆனா பாதி மரியேதான். ஆச வந்து முழுசாச் சொன்னன்னு வையி, ஒம் புருசன் பல்செட்டு வாங்கணும்."

கரையில் இருவரும் ஒரே குவியலாகக் கொட்டினார்கள். அந்தக் குடியிருப்பில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. யாருடையது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பார்கள் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்க, நாகலெட்சுமி கையைக் குறுக்கே வைத்து நடுவில் ஒரு கோடு கிழித்தாள். ஜெபமாலை மறுபேச்சுப் பேசாமல் தன் பாதியை வாங்கிக்கொண்டாள்.

அன்று வேதநாயகத்திடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குப்பைப் பாசி உட்பட. அவன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

"முடியலன்னு சொன்னியா? நெசமாவா? சத்தமாவா?"

"ஆமாங்க."

"நான் கேக்கக் கொடுத்து வைக்கலையே! இன்னொரு தரம் சொல்லேன்."

"ஒங்களுக்கு மீன் கழுவித் தர என்னால முடியல. போதுமா?"

எல்லா நாளும் திருநாள் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த விளிம்பில் கால் வைக்கவே முடியாது. அன்றைக்கு ஜெபமாலை படகில் உட்கார்ந்து மற்றவர்களின் சாக்கை வாங்கி அடுக்குவாள். குளிர்காற்று பட்டால் இன்னும் இருமுகிறாள். ஆழத்துப் பச்சை வெளிச்சம் சில சமயம் கனவில் வரும். விழித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏங்குவாள். பிறகு பின்பாதியைச் சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பாள்.

வேலை முடிந்து படகில் ஏறுவதுதான் தினமும் பெரிய கூத்து. முன்பெல்லாம் முதலில் தாவி ஏறி, மற்றவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவள் அவள்தான். இப்போது கீழேயிருந்து நாகலெட்சுமியும் ஷெரினும் முட்டுக் கொடுக்க, மேலேயிருந்து நாலு பெண்கள் கையையும் சட்டையையும் பிடித்து ஐலசா போடுகிறார்கள்.

"சதக் அண்ணே, ஆளு வெயிட்டா இருக்கு. ஒரு கை போடுங்க!"

"திருக்கை மீனு சிக்கியிருக்குன்னு சொல்லுங்க, வாரேன்!"

"ஏண்ணே, யாரு திருக்கை?" என்று ஜெபமாலை தொங்கிக்கொண்டே சண்டைக்குப் போவாள். சொல்லும்போதே சிரிப்பு முந்திக்கொள்ளும். சிரித்தால் மூச்சு போய்விடும், மூச்சு போனால் கை தளரும், கை தளர்ந்தால் மொத்தப் பேரும் தொபுக்கடீரென்று தண்ணீருக்குள்.

"சிரிக்காதடி, பாவி!" என்று கத்திக்கொண்டே நாகலெட்சுமி மறுபடியும் அவள் இடுப்பில் தோளைக் கொடுப்பாள்.